வீசம் நிலத்தில் ஒரு மருந்துக்காடு

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் மூன்று, மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டு விளங்குகின்றன. திரிகடுகம், சிறுபஞ்சமூலம், ஏலாதி என்பன அவை. சுக்கு, மிளகு, திப்பிலி ஆகிய மூன்றும் கூடி உடல்நோயைத் தீர்ப்பதுபோல, மூன்று மூன்று கருத்துகள் கூடி உள்ளத்தின் நோயைத் தீர்க்கும் எனக் கருதி நல்லாதனார் தம் நூலுக்குத் திரிகடுகம் என்று பெயரிட்டார். ஏலம், இலவங்கம், சிறுநாவற்பூ, மிளகு, திப்பிலி, சுக்கு என்னும் ஆறனையும் கருதிக் கணிமேதாவியார் தம் நூலை ஏலாதி என்றார்.

உவமையாவது, அறிந்த பொருளைக் காட்டி அறியாத பொருளை விளங்க வைப்பது. அந்நாளைய மக்களுக்குத் திப்பிலி அறிந்த பொருள். அறமே அதனைக் கொண்டு விளக்கப்பட வேண்டிய பொருளாயிருந்தது. இன்றோ நிலைமை தலைகீழாகிவிட்டது. திரிகடுகத்தின் மூன்று பொருள்களையும் வரிசை பிறழாமல் ஒப்பிக்கும் மாணவனிடம் ஒரு திப்பிலிக் கொடியைக் காட்டி, இஃது யாது என்று வினவினால் அவன் விழிக்கிறான். சுக்கு என்பது இஞ்சியின் உலர்ந்த வடிவம் என்பதும் பலருக்குப் புதிய செய்தியாகவே இருக்கிறது. உவமை நிற்கிறது, உவமைக்கு ஆதாரமான பொருள் கண்ணைவிட்டு மறைந்துவிட்டது.

பேராக் மாநிலத்தில் வாழும் நமக்கு இந்நிலை ஏற்பட வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. திரிகடுகத்தின் மூன்று பொருள்களும் ஈப்போவின் வெப்பத்திலும் மழையிலும் நன்கு வளரக்கூடியவை. அவற்றுக்குப் பெருநிலமும் வேண்டா. நம் முன்னோர் தோட்டப்புறத்தில் பயிரிட்ட அளவு நிலமே போதும். அவ்வளவு யாது, அதில் எவற்றை எவ்வாறு வளர்க்கலாம், வளர்த்தவற்றால் உண்மையில் விளையும் நன்மை எத்துணை என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

லயத்துக் கொல்லை

1877ஆம் ஆண்டில் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்திலிருந்து சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் ஒன்பது, கோலகங்சாருக்குக் கொண்டுவரப்பட்டன. அப்போது பேராக்கில் பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ அவற்றை நடச் செய்தார். அவற்றுள் ஒன்று இன்றும் அவ்வூரில் பாதுகாக்கப்பட்டு நிற்கிறது. லோ ரப்பரை மட்டும் சோதித்தாரல்லர். மிளகு, காப்பி, தேயிலை முதலியவற்றையும் பேராக்கில் பயிரிட்டுப் பார்த்தார். ஆயினும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகி ரப்பர் விலை ஏறியபோது, மற்றப் பயிர்கள் பின்தள்ளப்பட்டன. மலைச்சாரல் வரை ஒரே மரம் நிரை நிரையாக நின்றது. அம்மரத்தில் பால் வெட்டத் தமிழ்நாட்டிலிருந்து நம்மவர் வந்தனர்.

ஒரே பயிர் ஆண்ட அந்நிலத்தின் நடுவே, பல பயிர் வளர்ந்த இடம் ஒன்றுண்டு. அதுவே லயத்தை ஒட்டிய கொல்லை. கூட்டு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, குடும்பத்தோடு வாழும் தொழிலாளி ஒவ்வொருவருக்கும் பயிரிடவோ மாடு மேய்க்கவோ ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டுமென்று விதித்தது. சட்டம் சொன்னபடியே எல்லாத் தோட்டங்களிலும் நடந்ததென்று கூறுவதற்கில்லை. எனினும் அளவு நம் நினைவில் நிற்கத்தக்கது. பதினாறில் ஒரு பங்குக்குத் தமிழ்க் கணக்கில் வீசம் என்பது பெயர். மாகாணி என்றும் சொல்வர். வீசம் ஏக்கர் என்பது ஏறத்தாழ 2720 சதுர அடி. நாற்புறமும் ஐம்பத்திரண்டு அடி உள்ள ஒரு சதுரம் என்று கொள்ளலாம்.

இத்தகைய சிறு கொல்லைகளில்தான் முருங்கையும் கறிவேப்பிலையும் நின்றன. அவற்றின் அடியில் மஞ்சளும் இஞ்சியும் வளர்ந்தன. வேலியில் வெற்றிலையும் தூதுவளையும் படர்ந்தன. வாயிலருகே துளசியும் கற்பூரவள்ளியும் இருந்தன. குழந்தைக்குச் சளி பிடித்தால் எந்த இலையைக் கிள்ளுவது, பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியக் குழம்பில் எதைச் சேர்ப்பது, எதை விலக்குவது என்ற அறிவு அக்கொல்லையோடு சேர்ந்தே வாழ்ந்தது. அதனைப் பெரும்பாலும் காத்து வந்தவர்கள் எழுதப் படிக்க வாய்ப்பற்ற பெண்மணிகள் என்பதை நாம் மறத்தல் ஆகாது.

பின்னர்க் காலம் மாறியது. 1950களிலும் 1960களிலும் பல தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. தொழிலாளரே நிலத்துக்கு உரியவராக வேண்டுமென்று, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அம்முயற்சி பல தோட்டங்களைக் காத்தது. எல்லாவற்றையும் காக்க ஒரு சங்கத்தால் இயலுமா? ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. வீட்டு மனைகள் வந்தன. மக்கள் ஈப்போ, தைப்பிங் முதலிய பட்டணங்களுக்கும் அடுக்குமாடி வீடுகளுக்கும் குடிபெயர்ந்தனர். லயம் போயிற்று, லயத்தோடு கொல்லை போயிற்று, கொல்லையோடு பெயர்களும் போய்க்கொண்டிருக்கின்றன.

உணவுக்காடு என்பது யாது?

இக்காலத்தில் வேளாண் அறிஞர் பலர் உணவுக்காடு என்னும் முறையைப் போற்றிப் பேசுகின்றனர். காட்டில் நெடுமரமும் குறுமரமும் செடியும் கொடியும் கிழங்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கடுக்காக வாழ்கின்றன. எவரும் உரமிடுவதில்லை, விழும் இலையே உரமாகிறது. அவ்வமைப்பை வைத்துக்கொண்டு, உணவுக்கும் மருந்துக்கும் பயன்படும் மரஞ்செடிகளை மட்டும் அவ்வவ் அடுக்கில் நட்டு வளர்ப்பதே உணவுக்காடு. ஆஸ்திரேலியாவில் பில் மொல்லிசனும் டேவிட் ஹோம்கிரெனும் 1978ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் இவ்வகைச் சிந்தனையை உலகெங்கும் பரப்பியது. இங்கிலாந்தில் ராபர்ட் ஹார்ட் என்பவர் தம் சிறு நிலத்தில் காட்டுத்தோட்டம் ஒன்றை வளர்த்துப் புகழ்பெற்றார். அவர் தமக்கு வழிகாட்டியாகக் கொண்டவற்றுள் கேரளத்து வீட்டுத் தோட்டமும் ஒன்று.

ஆகவே இது மேற்கிலிருந்து நமக்கு வந்த புதுமையன்று. நம்மிடமிருந்து அங்குச் சென்று திரும்பிய பழமை. இலங்கையில் கண்டி, மாத்தளைப் பகுதிகளின் வீட்டுத் தோட்டங்களில் பலாவும் கிராம்பும் சாதிக்காயும் மிளகும் ஒன்றாகவே வளர்கின்றன. கொல்லிமலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்திலும் பலாவிலும் ஏறுகிறது. நம் மலாய் அண்டைவீட்டார் டூசுன் என்று சொல்லும் பழத்தோட்டத்தில் டுரியானும் லங்சாட்டும் பெத்தாயும் மங்குஸ்தீனும் கலந்து நிற்பதும் இதே முறைதான்.

இம்முறை மருந்துச் சரக்குகளுக்கு ஏன் பொருந்துகிறது என்பதைச் சிந்திக்க வேண்டும். மிளகு மரத்தைத் தழுவிப் படரும் காட்டுக்கொடி. திப்பிலி மரநிழலில் தரையோடு படர்வது. இஞ்சியும் மஞ்சளும் அரைநிழலைத் தாங்குபவை. சாதிக்காய்க் கன்று இளமையில் நிழல் இன்றேல் வாடும். அஃதாவது, இவை பிறவியிலேயே காட்டின் கீழடுக்குக்கு உரியவை. வெட்டவெளியில் பாத்தி கட்டி இவற்றை வளர்க்க நாம் படும் பாட்டில் பாதியைக் காடு தானே ஏற்றுக்கொள்கிறது.

பேராக் மண்ணுக்கு ஏற்றவை

ஈப்போவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இது மணமரங்களுக்கு உகந்த தட்பவெப்பம். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்காத் தீவுகளிலிருந்து கிராம்பு, சாதிக்காய்க் கன்றுகளைப் பினாங்குக்குக் கொணர்ந்து பயிர்செய்தனர். பினாங்கின் பாலேக் பூலாவ் இன்றும் சாதிக்காய்க்குப் பேர்பெற்றது. பினாங்கில் விளைவது பேராக்கின் தாழ்நிலத்திலும் விளையும்.

மேலடுக்குக்குப் பலா அல்லது பெத்தாய் தக்கது. இரண்டாம் அடுக்கில் சாதிக்காய், கிராம்பு, பட்டை மரங்களை வைக்கலாம். மீன்குழம்புக்குப் புளிப்பூட்டும் அசாம் குளுகோர் மரமும் இவ்வடுக்குக்கு உரியது. இது நம் குடம்புளிக்கு நெருங்கிய உறவு. மூன்றாம் அடுக்கில் கறிவேப்பிலையும் எலுமிச்சையும் நிற்கும். நிழலுக்குக் கீழே மஞ்சள், இஞ்சி, பேரரத்தை, கச்சோலம் ஆகிய கிழங்குகள். தரையில் வல்லாரையும் திப்பிலியும். மரத்தின்மேல் மிளகும் வெற்றிலையும். ஏலம் ஒன்று மட்டும் நமக்கு இடர் தரும். அது மலைப்பயிர்; தாழ்நில வெப்பத்தில் இலை தழைத்தாலும் காய்ப்பது அரிது. எனவே பேராக் சமவெளியில் ஏலாதியை முழுமையாக வளர்த்தல் கடினம். திரிகடுகத்தை முழுமையாகவே வளர்க்கலாம்.

ஒரே செடி, இரண்டு பெயர்

இச்செடிகளுள் பலவற்றை நம் பிள்ளைகள் மலாய்ப் பெயரால் அறிவார்கள். தமிழ்ப் பெயரால் அறியார். மலாய்க்காரர் ரெண்டாங் கறியில் இடும் லெங்குவாஸ்தான் நம் மருத்துவ நூல்கள் கூறும் பேரரத்தை. செக்குர் என்று சந்தையில் விற்கும் சிறுகிழங்கு கச்சோலம். பெகாகா என்பது வல்லாரை. சீரே என்பது வெற்றிலை. குனிட் என்பது மஞ்சள். ஹலியா என்பது இஞ்சி. பூவா பாலா என்பது சாதிக்காய். பங்குன்-பங்குன் என்னும் தடித்த இலைச்செடி நம் கற்பூரவள்ளி. அதனையே ஓமவல்லி என்றும் நாம் சொல்வோம். சாலையோரம் தானே முளைத்துக் கிடக்கும் காடோக், திப்பிலியின் இனத்தைச் சேர்ந்தது. அதன் இலையை மலாய்க்காரர் ஊலாமாக உண்கின்றனர்.

இவ்வொப்பீடு வெறும் சொல்லாராய்ச்சியன்று. தமிழ்ப் பெயரை மட்டும் அறிந்த பாட்டிக்கும் மலாய்ப் பெயரை மட்டும் அறிந்த பேரனுக்கும் இடையே இருப்பது ஒரே செடிதான். இரு பெயரையும் இணைத்துக் காட்டிவிட்டால், பாட்டியின் அறிவு பேரனுக்குச் செல்ல வழி திறக்கிறது.

பயனில் மெய்யும் மிகையும்

மருந்துச் சரக்குகளின் பெருமையைப் பேசும்போது, உள்ளதை உள்ளவாறு சொல்வதே அவற்றுக்கு நாம் செய்யும் மரியாதை. மிகைப்படுத்துவோர் அவற்றுக்குப் பகைவரேயாவர்.

முதலில் சுக்கு. பச்சை இஞ்சியின் காரத்துக்கு ஜிஞ்சரால் என்னும் பொருள் காரணம். உலரும்போது அதில் ஒரு பகுதி ஷோகால் என்னும் வேறு பொருளாக மாறுகிறது. அது மேலும் காரமானது. இஞ்சியையும் சுக்கையும் நம் முன்னோர் வெவ்வேறு சரக்காக எண்ணியது வீண் அன்று என்பது இதனால் புலனாகும். குமட்டலைத் தணிக்க, சிறப்பாகக் கருவுற்ற மகளிரின் குமட்டலைத் தணிக்க, இஞ்சி உதவுகிறது என்பதற்கு மருத்துவ ஆய்வுகளின் சான்று உண்டு.

அடுத்து மஞ்சள். அதன் சத்தாகிய குர்க்குமின் உடலில் எளிதில் சேர்வதில்லை. 1998ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகின் சத்தாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் கொடுத்தபோது, இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. மஞ்சளும் மிளகும் சேரும் நம் இரசத்துக்கு இஃது ஓர் அணி என்று மகிழலாம். ஆனால் கணக்கையும் பார்க்க வேண்டும். மஞ்சள்தூளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உண்டு. 2 கிராம் பெற வேண்டுமாயின் அறுபது கிராமுக்கு மேல் தூள் உண்ண வேண்டும். எந்த வீட்டில் அப்படி உண்பார்? ஆகவே குழம்பு மஞ்சள் நல்ல உணவு. கொடிய நோய்க்கு அதுவே மருந்து என்பது மிகை. குர்க்குமினைச் செறிவாக்கி விற்கும் மாத்திரைகளை உண்டு கல்லீரல் பழுதுற்றோர் உண்டு என்பதையும், பைப்பரின் வேறு மருந்துகள் உடலில் சேரும் அளவையும் மாற்றக்கூடும் என்பதையும் அறிந்திருத்தல் நன்று.

கிராம்புத் தைலத்தின் பெரும்பகுதி யூஜினால். பல்வலியை மரக்கச் செய்யும் ஆற்றல் அதற்குண்டு. பல்மருத்துவர்களும் அதனைப் பயன்படுத்துகின்றனர். சாதிக்காய் சிட்டிகை அளவில் மணப்பொருள். சில கிராம் அளவுக்கு மிஞ்சினால் மயக்கமும் மனக்குழப்பமும் தரும் நஞ்சு. கடையில் மலிவாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்னும் பொருள் மிகுதி. நாள்தோறும் மிகுதியாக உண்டால் கல்லீரலுக்குத் தீங்கு விளையலாம். இலங்கைப் பட்டை மெல்லிய சுருள்கள் பல அடுக்கியதாக இருக்கும்; அதில் கூமரின் மிகக் குறைவு.

வசம்பைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். பிள்ளை வளர்ப்பான் என்று செல்லப்பெயர் பெற்ற சரக்கு இது. கைக்குழந்தைக்குச் சுட்டு உரைத்துக் கொடுக்கும் வழக்கம் இன்றும் உண்டு. இதிலுள்ள பீட்டா அசரோன், விலங்குகளில் செய்த சோதனைகளில் புற்றுநோய்க்குக் காரணமாவது கண்டறியப்பட்டது. அமெரிக்க அரசு 1968ஆம் ஆண்டிலேயே இதனை உணவில் சேர்ப்பதைத் தடைசெய்தது. பழமை என்னும் ஒரே காரணத்துக்காக இதனைக் குழந்தையின் நாவில் தடவுதல் ஆகாது.

நம் சமுதாயத்துக்கு நேரே உரிய செய்தி மற்றொன்று. 2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களுள் நூற்றுக்கு 18.3 பேருக்கு நீரிழிவு இருந்தது. இனவாரியாகப் பார்க்கையில் இந்தியரிடையே அது மிகுதி. வெந்தயமும் பட்டையும் உண்கிறோம் என்று சொல்லி மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்துவோர் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் இழக்கும் இடருக்கு ஆளாகின்றனர். சரக்கு உணவோடு சேரட்டும். மருந்தை விலக்க அதனைக் காரணமாக்க வேண்டா. மரபுமுறை மருத்துவத்தை நாடுவோரும், 2016ஆம் ஆண்டின் மரபுசார் துணைமருத்துவச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றவரை நாடுவதே பாதுகாப்பு.

இவ்வளவு எச்சரிக்கைக்குப் பின் பயன் யாது எனில், மிகப் பெரிது. உப்பையும் சர்க்கரையையும் குறைத்து உணவைச் சுவையாக்கும் வழி இச்சரக்குகளிலேயே உண்டு. நாமே வளர்த்த மஞ்சளில் கலப்படம் இராது. வங்காள தேசத்தில் மஞ்சளுக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட் கலக்கப்பட்டதை 2019ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகள் அம்பலப்படுத்தின. மண்ணில் குனிந்து நிமிரும் உழைப்போ எந்தச் சரக்கிலும் கிடைக்காத மருந்து.

நடும் முறை

வீசம் நிலத்தில் மேலடுக்குக்கு ஒரு நெடுமரம் போதும். அதனை மேற்குப் புறத்தில் நட்டால் பிற்பகல் வெயிலைத் தடுக்கும். சாதிக்காயில் ஆண்மரம் பெண்மரம் என்ற வேறுபாடு உண்டு. விதைக்கன்றில் அது பூக்கும்வரை தெரியாது. சிறு நிலத்தார் ஒட்டுக்கன்று வாங்குதல் நலம். சாதிக்காயும் கிராம்பும் பலன் தர ஆறேழு ஆண்டுகள் செல்லும். அதுவரை சும்மா இருக்க வேண்டா. கல்யாணமுருங்கைக் கொம்பை ஊன்றி அதில் ஏற்றிய மிளகு மூன்றாம் ஆண்டில் காய்க்கும். இஞ்சியும் மஞ்சளும் எட்டு முதல் பத்து மாதங்களில் இலை பழுத்து, தோண்டும் பருவத்தைக் காட்டும். இஞ்சியை மட்டும் ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் நடலாகாது. வாடல் நோய் மண்ணில் தங்கிவிடும். மழை மிகுந்த ஊர் ஆதலின், மேட்டுப்பாத்தியே கிழங்குக்கு உகந்தது.

பேராக்கில் இரண்டு இடர்கள் தனிக் கவனத்துக்கு உரியவை. ஒன்று, பழைய ரப்பர் நிலத்தில் மறைந்திருக்கும் வெள்ளை வேர்நோய். அடிக்கட்டைகளில் தங்கும் இப்பூஞ்சை, புதிதாக நடும் பலாவையும் பட்டை மரத்தையும் தாக்கும். கட்டைகளை வேரோடு பெயர்த்து, வெள்ளை நூல் படர்ந்த வேர்த்துண்டுகளை அகற்றிய பின்னரே கன்று நட வேண்டும். மற்றொன்று, கிந்தாப் பள்ளத்தாக்கின் பழைய ஈயச் சுரங்க நிலம். அம்மணலில் சத்து இல்லை என்பதோடு, சில இடங்களில் ஆர்செனிக், காரீயம் முதலிய நச்சுப்பொருள்களும் உண்டு. கிழங்குகள் அவற்றை உறிஞ்சக்கூடும். மண்ணைச் சோதிக்காமல் அங்கு மருந்துக்கிழங்கு வளர்த்தல் தகாது. வேறிடத்து நல்ல மண்ணைத் தொட்டியில் இட்டு வளர்க்கலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம்

பேராக் மாநிலத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் உள்ளன. அவற்றுள் பல, தோட்டத்தில் பிறந்தவை. இன்றும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்பவை. பள்ளி வளாகத்தின் ஒரு மூலையில் வீசம் நிலம் கிடைத்தாலும், அதில் பாதி கிடைத்தாலும், ஒரு மருந்துக்காடு எழுப்பலாம். ஒவ்வொரு செடியின் அருகிலும் தமிழ்ப் பெயரும் மலாய்ப் பெயரும் அறிவியற் பெயரும் எழுதிய பலகை வைக்கலாம்.

அதனினும் விரைந்து செய்ய வேண்டிய பணி ஒன்றுண்டு. மாணவர் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மூத்தோரிடம் ஐந்து கேள்விகளைக் கேட்டு எழுதி வரட்டும். செடியின் பெயர் என்ன? அதில் பயன்படும் உறுப்பு எது? எப்போது பறிப்பது? எதற்குத் தருவது? யாருக்குத் தரலாகாது? இவற்றுள் ஐந்தாம் கேள்வியே முதன்மையானது. மருந்தறிவின் முதிர்ச்சி, தரும் இடத்தைக் காட்டிலும் தவிர்க்கும் இடத்திலேதான் விளங்கும். எழுதிவந்த குறிப்பை அறிவியல் ஆசிரியர் ஒருமுறை சரிபார்க்கட்டும். செடி மீண்டும் முளைக்கும். சொல்லத் தெரிந்தவர் மறைந்துவிட்டால் அவர் அறிந்தது முளைக்காது. ஆதலின் நிலம் கிடைக்கும்வரை இப்பணிக்குக் காத்திருத்தல் வேண்டா.

அவ்வாறு செய்துவிட்டால், திரிகடுகம் பாடம் நடத்தும் நாளில் ஆசிரியர் மாணவரை வகுப்புக்கு வெளியே அழைத்துச் செல்லலாம். மரத்தில் ஏறிய மிளகையும், அதன் நிழலில் படர்ந்த திப்பிலியையும், மண்ணிலிருந்து தோண்டிய இஞ்சியையும் காட்டி, இம்மூன்றுமே நல்லாதனார் சொன்னவை என்று கூறலாம். அதன்பின் அந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை.